நெட் வந்து வந்து போகிறதா? டெலிபோன் கம்பி பிராட்பேண்டுக்கு ஒரு கேள்வி–பதில்

ஃபைபர் எட்டாத தெருக்களில் இன்னமும் டெலிபோன் கம்பி வழியாகத்தான் பிராட்பேண்ட் ஓடுகிறது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். தாமிர லைன், ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் மோடம் (டெலிபோன் கம்பியில் இன்டர்நெட் அனுப்பும் டி.எஸ்.எல். முறையில் ஒரு வகை). அடியோடு செத்துப்போன லைனைப் பற்றிக் கவலையில்லை. புகார் கொடுத்தால் லைன்மேன் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பத்து நிமிடம் வந்து இரண்டு நிமிடம் போகிற லைன்தான் ஆளைப் படுத்தும். அதற்கான கேள்விகள் மட்டும் இங்கே.

நெட் அடிக்கடி போகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

மோடத்தின் விளக்குகளை. அதுவும் நெட் போன அந்த நிமிடத்திலேயே. போனதும் ஓடிப்போய் மோடத்தை அணைத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. தடயமெல்லாம் அதோடு போய்விடும்.

டி.எஸ்.எல். விளக்கு மினுக்கினால் (சில மோடங்களில் ஏ.டி.எஸ்.எல். அல்லது லிங்க் என்று எழுதியிருக்கும்) மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே உள்ள பிடி விட்டுப்போய்விட்டது என்று பொருள். கம்பி, ஜாயின்ட், ஸ்ப்ளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி), மின் இரைச்சல் இவற்றில் ஏதோ ஒன்று.

டி.எஸ்.எல். விளக்கு நிலையாக எரிகிறது, ஆனால் இன்டர்நெட் விளக்கு அணைந்திருக்கிறது அல்லது சிவப்பாக இருக்கிறது என்றால் கம்பியைக் குறை சொல்ல முடியாது. லாகின் தகராறு.

இரண்டும் பச்சையாக எரிகின்றன, மொபைலில்தான் எதுவும் திறக்கவில்லை என்றால் வைஃபை, டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை), அல்லது யாரோ அப்லோடை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றும் வேறு வேறு பழுது. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது. எந்த விளக்கு, எத்தனை மணிக்கு என்று இரண்டு நாள் ஒரு தாளில் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார முடியாது. வேறு வழி?

கம்ப்யூட்டரை லேன் கேபிளில் மோடத்தோடு இணைத்து, கமாண்ட் ப்ராம்ப்டில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, நிற்காமல் ஓடும் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். ஒன்று மோடத்துக்கு (192.168.1.1), மற்றது வெளியே (8.8.8.8). நெட் போகும்போது முதல் ஜன்னல் ஓடிக்கொண்டே இருந்து இரண்டாவது மட்டும் நின்றால் லைன் அல்லது லாகின். இரண்டுமே நின்றால் மோடமே தொங்கிவிட்டது, அல்லது கேபிள் சரியில்லை. இரண்டும் ஓடுகின்றன, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். முகவரியை மாற்றிப் பாருங்கள்.

லேன் கேபிளில் ஒரு நாள் முழுக்கத் தடையே இல்லை, வைஃபையில் மட்டும் போகிறது என்றால் இந்தப் பக்கத்தின் மற்ற பதில்கள் உங்களுக்குத் தேவையில்லை. வைஃபை சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்ததற்கு மாற்றுங்கள். மோடத்தை டி.வி.க்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.

மோடத்தின் வெப் பக்கத்தில் நிறைய எண்கள் இருக்கின்றன. எவை முக்கியம்?

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனால் ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் ஏ.டி.எஸ்.எல். என்று ஒரு பக்கம் இருக்கும். நான்கைந்து எண்கள் போதும்.

எஸ்.என்.ஆர். மார்ஜின்: லைனில் உள்ள இரைச்சலைத் தாண்டி எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதைக் காட்டும். டெசிபலில் இருக்கும். பொதுவாக எக்ஸ்சேஞ்ச் கருவி 6 டெசிபல் கையிருப்பு வைத்துத்தான் வேகத்தை நிர்ணயிக்கிறது. 6-க்குக் கீழே போனால் லைன் எப்போது வேண்டுமானாலும் அறுகும். 6 முதல் 10 வரை கயிற்றின் மேல் நடப்பது மாதிரி. இரைச்சல் கூடாதவரை ஓடும். 10-க்கு மேல் நிம்மதி. சில மோடங்கள் இதைப் பத்தால் பெருக்கிக் காட்டும். 85 என்று இருந்தால் 8.5. அதைப் பார்த்து லைன் அபாரம் என்று மகிழ வேண்டாம்.

அட்டென்யுவேஷன்: வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு. கம்பியின் நீளத்தைப் பொறுத்தது என்பதால் நாளுக்கு நாள் மாறக்கூடாது. 30-க்குள் இருந்தால் நல்ல லைன். 45-ஐத் தொட்டால் எக்ஸ்சேஞ்ச் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 60-க்கு மேல் போனால் எந்த மோடம் வாங்கினாலும் மந்திரம் நடக்காது. நேற்று 32, இன்று 44 என்று குதித்தால் கம்பி ஒன்றும் நீளவில்லை. எங்கோ ஒரு ஜாயின்ட் விட்டுப்போயிருக்கிறது.

சி.ஆர்.சி. பிழைகள்: திருத்த முடியாமல் போன தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை. மணிக்குச் சில பத்துகள் சகஜம். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஏறினால் லைன் நோயாளி. பக்கத்திலேயே எஃப்.இ.சி. என்று லட்சக்கணக்கில் ஒரு எண் இருக்கும். அது திருத்தப்பட்ட பிழைகள். பயப்பட வேண்டாம்.

கடைசியாக, மோடம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, லைன் எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறது என்ற இரண்டு நேரங்கள். லைன் நேரம் மட்டும் பூஜ்யமானால் கம்பி. மோடத்தின் நேரமே பூஜ்யமானால் அது தானாக அணைந்து எழுந்திருக்கிறது, அடாப்டரைச் சந்தேகியுங்கள்.

பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா?

லைன் வீட்டுக்குள் நுழைகிற முதல் பெட்டியை, ரோசெட்டை, கண்டுபிடியுங்கள். அங்கிருந்து மற்ற அறைகளுக்குப் போகும் எல்லா ஒயர்களையும் கழற்றுங்கள். ஸ்ப்ளிட்டர், போன், காலர் ஐ.டி. பெட்டி, ஃபேக்ஸ் எதுவும் இருக்கக்கூடாது. மோடத்தை ஒரு சிறிய ஆர்.ஜே.11 ஒயரில், இரண்டு மீட்டருக்கு மிகாமல், அங்கேயே நேரடியாக மாட்டி ஒரு முழு நாள் ஓட விடுங்கள். ஒரு மணி நேரச் சோதனை செல்லாது; இரவும் அதில் அடங்க வேண்டும்.

ஒயரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சும்மா இருக்கும் லைனில் சுமார் 48 வோல்ட் டி.சி. இருக்கும், அது ஒன்றும் செய்யாது. அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் மணியடிக்க 75 வோல்ட் அளவில் ஏ.சி. வரும், சுருக்கென்று உறைக்கும்.

நேரடியாக மாட்டியதும் மார்ஜின் நான்கைந்து டெசிபல் ஏறி, அறுபடுவது நின்றுவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள். கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டியதும் எண் விழுகிறதோ அதுதான். பெரும்பாலும் அது மாடி அறைக்கு எப்போதோ இழுத்துவிட்டு, இப்போது போனே இல்லாமல் சுவரோரம் தொங்கும் பழைய ஒயராக இருக்கும். நுனி திறந்து கிடக்கும் அந்தக் கிளைக்குள் போகும் சிக்னல் முட்டித் திரும்பி வந்து, மூல சிக்னலின் சில அலைவரிசைகளைத் தின்றுவிடும். பயன்படுத்தாத கிளை ஒயரை ரோசெட்டிலேயே கழற்றி எறிவதுதான் செலவில்லாத மிகப் பெரிய மருந்து.

ரோசெட்டும் மோடமும் வேறு வேறு அறையில்தான் இருக்க வேண்டுமென்றால் கடையில் விற்கும் தட்டையான டெலிபோன் ஒயரை நீளமாக இழுக்காதீர்கள். அதில் இரண்டு கம்பிகளும் முறுக்காமல் இணையாக ஓடுகின்றன. ஆன்டெனா மாதிரி இரைச்சலை வாங்கும். லேன் கேபிளில் உள்ள ஒரு முறுக்கு ஜோடியை, உதாரணமாக நீலமும் நீல–வெள்ளையும், இதற்குப் பயன்படுத்துங்கள். ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு நீலம், ஒரு பச்சை என்று எடுத்தால் முறுக்கின் பலன் போய்விடும்.

போன் வந்தாலோ, ரிசீவரை எடுத்தாலோ நெட் போகிறது.

ஸ்ப்ளிட்டர். குரல் 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இடத்தில் ஓடுகிறது. இன்டர்நெட் சுமார் 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. இரண்டையும் பிரித்து வைப்பது அந்தச் சின்னப் பெட்டி. அது கெட்டுப்போயிருக்கலாம். மோடத்தை லைன் துளையிலும் லைனை மோடம் துளையிலும் மாற்றிச் செருகியிருக்கலாம். அல்லது ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரிந்துபோய் இன்னொரு அறையில் ஒரு போன் இணையாக மாட்டப்பட்டிருக்கலாம். மூன்றாவதுதான் அதிகம். எத்தனை போன் இருந்தாலும் எல்லாம் ஸ்ப்ளிட்டரின் போன் துளைக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் நேர்மாறு. ரிசீவரை எடுத்து வைத்தால்தான் நெட் நிற்காமல் ஓடுகிறது!

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது தெளிவான அறிகுறி. எங்கோ ஒரு ஜாயின்ட்டில் களிம்பு ஏறியிருக்கிறது. இரண்டு செம்புக் கம்பிகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் பச்சையாகப் படர்கிற அதே களிம்பு. போன் சும்மா இருக்கும்போது கம்பியில் டி.சி. மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லை, டி.எஸ்.எல். சிக்னலோ மிகப் பலவீனமானது. அந்தக் களிம்புப் படலத்தைத் தாண்டத் திணறும். ரிசீவரை எடுத்ததும் 20–30 மில்லியாம்ப் ஓடுகிறது. அது படலத்தைத் துளைத்துக்கொண்டு வழி பண்ணிவிடும், டி.எஸ்.எல். சிக்னலும் அதே வழியில் போகும். ரிசீவரை வைத்த சில மணி நேரத்தில் படலம் மறுபடி மூடிக்கொள்ளும்.

மோடம் மாற்றுவதாலோ செட்டிங்கைத் திருகுவதாலோ இது போகாது. அந்த ஜாயின்ட்டை வெட்டி, உள்ளே ஜெல் நிரப்பிய கனெக்டரில் அழுத்திப் புதிதாகப் போட வேண்டும். தேடும் வரிசை: ரோசெட், வீட்டுச் சுவரில் டிராப் வயர் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர்) சேரும் இடம், வீடுகளுக்கான லைன்கள் பிரியும், கம்பத்தில் உள்ள டி.பி. பாக்ஸ், பிறகு தெருமுனை பில்லர் (கேபிள்கள் சேரும் பெட்டி).

போனில் டயல் டோனே இல்லை. நெட் மட்டும் மெதுவாக வருகிறது. எப்படி?

ஒரு கால் கட். இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. குரலுக்கு முழுச் சுற்று தேவை, அது செத்துவிடும். டி.எஸ்.எல். உயர் அதிர்வெண் என்பதால் அறுந்த இடைவெளியைக் கொஞ்சம் தாவி ஓடும். வேகம் பாதாளத்தில், அறுபடுவது அடிக்கடி. புகாரில் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "போன் டெட்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை, லைன்மேனுக்கும் அதுதான் புரியும்.

மழை பெய்தால் போகிறது, வெயில் அடித்தால் தானாகச் சரியாகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்விதான் அதிகம் வரும். தண்ணீர் இறங்கிய இடம் மூன்றில் ஒன்று: மூடி இல்லாத டி.பி. பாக்ஸ், டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட், அல்லது உறை கிழிந்த டிராப் வயர். தென்னை மட்டை உரசிய இடமும் அணில் கடித்த இடமும் காய்ந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது.

சோதனை எளிது. போனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அந்த நிசப்தத்தைக் கவனியுங்கள். மொறமொற என்று பொரிகிற ஓசை கேட்டால் ஈரமான ஜாயின்ட். ம்ம்ம் என்று சீரான முனகல் கேட்டால் ஒரு கம்பி எங்கோ நிலத்தையோ ஈரச் சுவரையோ தொட்டு, கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸை வாங்குகிறது. மழை நேரத்திலேயே புகார் கொடுங்கள். வெயிலில் வந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பகலில் நன்றாக இருக்கிறது, இரவு 7 மணிக்கு மேல் அறுகிறது.

பகலில் மோடம் இணையும்போது இரைச்சல் குறைவு. அதனால் முடிந்த அளவு அதிக வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரவில் தெருவெல்லாம் எல்.இ.டி. விளக்கு, டி.வி., சார்ஜர். அதே கேபிளில் ஓடும் பக்கத்து வீட்டு மோடங்களும் விழித்துக்கொள்கின்றன. மீடியம் வேவ் வானொலியும் இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். ஏ.டி.எஸ்.எல். ஓடும் அதிர்வெண்களும் மீடியம் வேவும் ஒரே இடம்தான். ஏ.டி.எஸ்.எல். தன் அதிர்வெண் பரப்பைச் சின்னச் சின்ன அலைத்துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வானொலியின் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் நிலையம் அதில் 167-வது அலைத்துண்டின் மேல் உட்காரும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் 217-ன் மேல். உங்கள் மோடம் அலைத்துண்டு வரைபடம் காட்டுமானால் பக்கத்து நிலையம் குழியாகத் தெரியும்.

கையிருப்பு நான்கைந்து டெசிபல் சரிந்தாலே லைன் அறுந்துவிடும். தற்காலிக வழி: இரவு 9 மணி வாக்கில், இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது மோடத்தை ஒரே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு தொடாமல் விடுங்கள். இரவின் நிலவரத்துக்கு ஏற்ற வேகத்தைப் பிடிக்கும். 8-க்குப் பதில் 6 எம்.பி.பி.எஸ். கிடைக்கலாம், ஆனால் நிற்கும். நிரந்தர வழி எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது, கீழே பாருங்கள்.

வீட்டில் எந்தச் சாதனம் இரைச்சல் போடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று போதும். மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மோடத்துக்கும் டெலிபோன் ஒயருக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். கரகரப்பு கேட்டால் ஒவ்வொரு சாதனமாக அணையுங்கள். இன்வெர்ட்டர், மலிவான எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஆகியவை வழக்கமான ஆசாமிகள். பவர் கட் ஆகி இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் நெட் போனால் மோடத்தின் அடாப்டர் அந்த இடைவெளியைத் தாங்கவில்லை. அது வேறு கதை.

அடாப்டரைப் பற்றிச் சொல்லுங்கள்.

மூன்று நான்கு வருடம் இரவு பகலாக ஓடிய அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் உப்பிவிடும். மீட்டரில் 12 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் சரியும். மோடத்தின் அடியில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர், பின்னின் பிளஸ் மைனஸ் மூன்றும் பொருந்தும் வேறொன்றை மாட்டிப் பாருங்கள். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. மோடத்தைச் செட்டாப் பாக்ஸின் தலைமேல் வைக்காதீர்கள். மே மாதத்தில் அது அடுப்பு.

மோடத்தில் எந்த செட்டிங்கைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண்கள், லைனில் தரவு போகும் தடத்தைக் குறிப்பவை. பி.எஸ்.என்.எல். என்றால் வி.பி.ஐ. 0, வி.சி.ஐ. 35. இலங்கையில் எஸ்.எல்.டி. இணைப்புக்கு 8, 35. இது தவறாக இருந்தால் நெட் வரவே வராது. வந்து வந்து போவதற்கு இது காரணமாகாது. எனவே அடிக்கடி திருக வேண்டாம்.

பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பில் எம்.டி.யு. (ஒரு பொட்டலத்தில் போகக்கூடிய அதிகபட்ச அளவு) 1492 இருக்க வேண்டும். 1500 என்று இருந்தால் சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று, மற்றவை நன்றாகத் திறக்கும்.

உண்மையிலேயே பலன் தரும் ஒன்று மாடுலேஷன், அதாவது லைனில் சிக்னலை ஏற்றும் முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் பயன்படுத்தும் 1.1 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி உங்கள் வீடு வரை வந்து சேருவதே இல்லை. ஏ.டி.எஸ்.எல்.2 அல்லது ஜி.டி.எம்.டி. (இரண்டும் பழைய முறைகள்) என்று மாற்றிப் பாருங்கள். வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், பிடிப்பு மேம்படலாம்.

691, 678 என்றெல்லாம் பிழை எண் வருகிறது.

கம்ப்யூட்டரிலிருந்தே டயல் செய்பவர்களுக்கு வருவது. 678 என்றால் மறுமுனை பதில் சொல்லவில்லை, லைனைப் பாருங்கள். 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 691 வந்தால் பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், லைன் திடீரென்று அறுந்ததால் முந்தைய லாகின் சர்வரில் இன்னும் உயிரோடு இருக்கலாம். மோடத்தை அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள்.

விளக்கெல்லாம் எரிகிறது, சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் நெட் உறைந்துவிடுகிறது.

லைன் பழுதே இல்லை. ஏ.டி.எஸ்.எல்.லில் அப்லோடு ஒரு எம்.பி.பி.எஸ். சுற்றித்தான். வீட்டுக்குள் நுழைந்து வைஃபை கிடைத்ததும் நான்கு மொபைல்கள் பகலில் எடுத்த போட்டோ, வீடியோவை மேலே ஏற்றத் தொடங்குகின்றன. டவுன்லோடுக்கான ஒப்புதல் செய்திகளும் அதே சின்ன வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் டவுன்லோடும் நிற்கிறது. பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள்.

லைன் 8 எம்.பி.பி.எஸ். என்கிறது, சோதித்தால் 7-தான் வருகிறது.

சரியாகத்தான் இருக்கிறது. தரவு 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது, அதில் 5 பைட் முகவரிச் சீட்டு. மற்ற கழிவுகளும் சேர்ந்து 13–15 சதவீதம் போய்விடும்.

எக்ஸ்சேஞ்சில் என்ன கேட்க வேண்டும்?

"லைன் சரியில்லை" என்றால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். இரைச்சலால் அறுகிற லைனுக்கு மார்ஜின் இலக்கை 6-லிருந்து 9 அல்லது 12-ஆக உயர்த்தச் சொல்லலாம். வேகம் குறையும், அறுபடுவதும் குறையும். சி.ஆர்.சி. எகிறினால் இன்டர்லீவிங் (தரவைக் கலைத்து அனுப்பி, பிழையைத் திருத்த எளிதாக்கும் முறை) போடச் சொல்லலாம். பிங் சில மில்லிசெகண்டுகள் கூடும், விளையாடுபவர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டு ஒயரிங்கும் டிராப் வயரும் சுத்தம் என்று உறுதியானால் டிஸ்லாம் (எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைன் சேரும் கருவி) போர்ட்டையும், பில்லரிலிருந்து வரும் கேபிள் ஜோடியையும் மாற்றச் சொல்லலாம். ஜோடி மாற்றம்தான் பல நாள் வியாதியைத் தீர்க்கும்.

லைன்மேன் வரும்போது மட்டும் எல்லாம் நன்றாக ஓடுகிறது!

களிம்பு ஜாயின்ட் பதிலை மறுபடி பாருங்கள். அவர் வந்ததும் செய்யும் முதல் வேலை, உங்கள் போனை எடுத்து எக்ஸ்சேஞ்சுக்குப் பேசுவது. அந்த ஐந்து நிமிட மின்னோட்டமே படலத்தைத் துளைத்து லைனைச் சில மணி நேரம் நன்றாக்கிவிடும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று அவர் சொல்வது பொய்யல்ல.

எனவே அவர் போனைத் தொடும் முன்பே மோடம் பக்கத்தைத் திறந்து, மார்ஜினையும் அட்டென்யுவேஷனையும் சி.ஆர்.சி.யையும் மொபைலில் படம் எடுத்து வைத்திருங்கள். பழுது நேரத்துப் படம் ஒன்று, நன்றாக ஓடும் நேரத்துப் படம் ஒன்று. பேசி முடித்ததும் எண்கள் எப்படி மாறின என்று அவரிடமே காட்டுங்கள். மார்ஜின் 5-லிருந்து 12-க்கு ஏறியிருந்தால் அனுபவமுள்ள லைன்மேன் வேறு கேள்வி கேட்கமாட்டார்; ஏணியை எடுத்துக்கொண்டு டி.பி. பாக்ஸுக்குப் போவார்.